ஹம்போல்ட் புரோங்கோஸ்: நின்றுபோன அரையிறுதியும் நடத்தி முடிக்கப்பட்ட பருவமும்

ஹாக்கி என்றால் நமக்குப் பச்சைத் திடலும் வெயிலும்தான் நினைவுக்கு வரும். ஐஸ் ஹாக்கி அவ்வளவாகப் பழக்கமில்லை. 2017ஆம் ஆண்டு கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில்தான் அது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், கனடாவின் கோதுமைச் சமவெளியான சஸ்காச்சுவான் மாநிலத்தில் ஓர் இளையோர் லீக் பருவம் வழக்கம்போலத் தொடங்கியது. அடுத்த ஏப்ரலில் அது உலகச் செய்தியாகிவிட்டது. ஒரு குழுவின் பேருந்து லோரியுடன் மோதி 16 பேர் மாண்டார்கள்.

அந்த விபத்தைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தப் பருவம் பாதியில் கைவிடப்படவில்லை, கிண்ணம் யாருக்கு என்று தீரும்வரை ஆடி முடிக்கப்பட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அப்படி முடித்தது சரிதானா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அதற்குப் பதில் தேட, முதலில் இந்த லீக் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

ஊருக்குச் சொந்தமான குழுக்கள்

சஸ்காச்சுவான் ஜூனியர் ஹாக்கி லீக் 1968இல் தொடங்கப்பட்டது. 2017–2018 பருவத்தில் 12 குழுக்கள் ஆடின. அவற்றில் ஃபிளின் ஃபிளோன் மட்டும் எல்லை தாண்டி மனிடோபா மாநிலத்தில் இருக்கிறது. மற்றவை எல்லாம் சஸ்காச்சுவானின் சிற்றூர்களும் சிறு நகரங்களும்தான். வடக்கே காட்டோரத்தில் லா ரோஞ்ச், தெற்கே அமெரிக்க எல்லைப் பக்கம் எஸ்டெவன். இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே சாலைவழி 600 கிலோமீட்டருக்கும் மேல்.

விளையாட்டாளர்கள் 16 முதல் 20 வயதுக்குட்பட்டவர்கள். சம்பளம் கிடையாது. கனடாவில் இதற்கு மேல்படியில் ‘மேஜர் ஜூனியர்’ எனப்படும் மூன்று பெரிய லீக்குகள் உள்ளன. நிபுணத்துவ ஆட்டக்காரர்களில் பெரும்பங்கினர் அங்கிருந்துதான் வருகிறார்கள். ஆனால் அங்கே ஆடுகிறவர்களுக்குப் படித்தொகை கொடுக்கப்படுவதால், அவர்களை அமெரிக்கப் பல்கலைக்கழகக் குழுக்கள் அந்நாளில் சேர்த்துக்கொள்ளாது. (2025இல்தான் அந்த விதி தளர்ந்தது.) ஆகவே, ஹாக்கியும் வேண்டும், உபகாரச் சம்பளத்தோடு பட்டமும் வேண்டும் என்று நினைக்கும் பையன்கள் சஸ்காச்சுவான் லீக் போன்ற ‘ஜூனியர் ஏ’ லீக்குகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் பலர் பக்கத்து மாநிலமான ஆல்பர்ட்டாவிலிருந்து வந்து சேர்ந்தவர்கள்.

வெளியூரிலிருந்து வரும் பையன் எங்கே தங்குவான்? விடுதி இல்லை. உள்ளூர்க் குடும்பம் ஒன்று அவனைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளும். ‘பில்லட்’ குடும்பம் என்று அதற்குப் பெயர். மாதம் ஒரு சிறு தொகை கிடைக்கும். அது அவன் சாப்பாட்டுக்கே காணாது என்பார்கள். அவன் அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு அண்ணனாகிவிடுவான். ஆட்டத்தன்று வீட்டாரெல்லாம் பார்வையாளர் இருக்கையில் இருப்பார்கள். பெற்ற தாய்க்கு அடுத்தபடியாக அவனுக்கு என்ன பிடிக்கும், எது பிடிக்காது என்று தெரிந்தவர் அந்த வீட்டு அம்மாதான்.

ஹம்போல்ட் புரோங்கோஸ் 1970இல் உருவான குழு. தனி முதலாளி இல்லை. ஊர் மக்களின் பொதுக்குழு ஒன்று லாப நோக்கமின்றி நடத்துகிறது. ஹம்போல்ட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய ஆறாயிரம். அந்தச் சின்ன ஊரின் குழு 2003, 2008 ஆகிய ஆண்டுகளில் கனடா முழுமைக்குமான ஜூனியர் ஏ வெற்றியாளர் பட்டத்தை வென்றிருக்கிறது. குளிர்காலத்தில் வெளியே தலைகாட்ட முடியாத ஊர்களில் எல்கர் பீட்டர்சன் அரங்கம் போன்ற பனித்தளம்தான் மக்கள் கூடும் இடம். திடலும் அதுதான், கோயில் திருவிழாக் களமும் அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படி ஊர்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் பருவத்தின் பெரும்பகுதி பேருந்தில் கழிகிறது. செப்டம்பரில் தொடங்கி மார்ச் வரை லீக் ஆட்டங்கள். அதன்பின் வெளியேற்றுச் சுற்றுகள். பள்ளிப் பாடமும் தூக்கமும் அரட்டையும் பேருந்திலேயே. கனடாவின் இளையோர் ஹாக்கியில் இதற்கு முன்னும் ஒரு பேருந்து துயரம் உண்டு. 1986 டிசம்பர் 30ஆம் நாள் இதே மாநிலத்தில் ஸ்விஃப்ட் கரண்ட் குழுவின் பேருந்து பனிபடர்ந்த சாலையில் கவிழ்ந்து நான்கு விளையாட்டாளர்கள் இறந்தார்கள். அந்தக் குழுவின் பெயரும் புரோங்கோஸ்தான். அந்தக் குழு கலைந்துவிடாமல், 1989இல் மேஜர் ஜூனியரின் உச்ச விருதான மெமோரியல் கிண்ணத்தை வென்றது.

நிப்பாவின் செல்லும் வழியில்

2018 மார்ச்சில் வெளியேற்றுச் சுற்று தொடங்கியபோது ஹம்போல்ட் பையன்கள் தலைமுடிக்குப் பொன்னிறச் சாயம் பூசிக்கொண்டார்கள். வெளியேற்றுச் சுற்று வந்தால் தாடி வளர்ப்பது, சாயம் அடிப்பது எல்லாம் அந்த விளையாட்டில் சகஜம். இந்தச் சாயம் பின்னால் ஒரு பெருங்குழப்பத்துக்குக் காரணமாகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

காலிறுதியில் மெல்ஃபோர்ட் குழுவை வீழ்த்திய ஹம்போல்ட், அரையிறுதியில் நிப்பாவின் ஹாக்ஸ் குழுவைச் சந்தித்தது. ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கை வெல்பவர் இறுதிக்குப் போவார். நான்காவது ஆட்டம் ஹம்போல்ட்டில் மூன்று கூடுதல் நேரங்கள்வரை இழுத்துக்கொண்டு போய், கடைசியில் நிப்பாவின் வென்றது. நிலவரம் 3–1. ஐந்தாவது ஆட்டம் ஏப்ரல் 6, வெள்ளிக்கிழமை இரவு, நிப்பாவின் அரங்கில். தோற்றால் ஹம்போல்ட்டின் பருவம் அன்றோடு முடிந்துவிடும்.

மாலை ஐந்து மணியளவில், நிப்பாவினுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தெற்கே, 35ஆம் எண் நெடுஞ்சாலையும் 335ஆம் எண் நெடுஞ்சாலையும் வெட்டிக்கொள்ளும் சந்திப்பில், வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த பேருந்தின் வழியில் கரிமண் மூட்டைகள் ஏற்றிய இரட்டைத் தொடர்லோரி ஒன்று குறுக்கே வந்தது. நிற்க வேண்டிய பொறுப்பு லோரிக்குத்தான். எச்சரிக்கைப் பலகைகளும், மின்னும் விளக்கோடு பெரிய ‘நில்’ பலகையும் அங்கே இருந்தன. லோரி நிற்கவில்லை.

பேருந்தில் 29 பேர். இறந்தவர்கள் 16. விளையாட்டாளர்கள் பத்துப் பேர், தலைமைப் பயிற்றுநர் டார்சி ஹோகன், துணைப் பயிற்றுநர், உடலியக்கச் சிகிச்சையாளராக இருந்த பெண், வானொலி வருணனையாளர், புள்ளிவிவரம் எழுத வந்த 18 வயது இளைஞர், பேருந்து ஓட்டுநர். விளையாட்டாளர்களில் ஆக இளையவனுக்குப் பதினேழாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை. தான் ஆடிய இன்னொரு குழுவின் பருவம் முடிந்துவிட்டதால், சில வாரங்களுக்கு முன்புதான் ஹம்போல்ட்டுக்கு அழைக்கப்பட்டிருந்தான்.

நிப்பாவினில் ஆட்டத்துக்காகக் கூடத் தொடங்கியிருந்தவர்களுக்குச் செய்தி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. மகனின் ஆட்டத்தைப் பார்க்கத் தனி வாகனத்தில் வந்த பெற்றோர் பலர் அங்கிருந்த தேவாலயம் ஒன்றில் விடிய விடியக் காத்திருந்தார்கள். அந்த இரவில் அவர்களுக்குச் சோறு, போர்வை, தோள் எல்லாம் கொடுத்தவர்கள் எதிர்க்குழுவின் ஊர்க்காரர்கள்.

மூன்று நாள் கழித்து இன்னோர் இடி. இறந்ததாக அறிவிக்கப்பட்ட ஒரு பையன் மருத்துவமனையில் உயிரோடு இருக்கிறான், பிழைத்ததாக நம்பப்பட்ட இன்னொருவன்தான் இறந்தவன் என்று மரண விசாரணை அதிகாரிகள் அறிவித்தார்கள். ஒரே வயது, ஏறக்குறைய ஒரே உடல்வாகு, முகமெல்லாம் காயம், எல்லாருக்கும் ஒரே பொன்னிற முடி. ஒரு வீட்டில் அழுகை நின்ற அதே நேரத்தில் இன்னொரு வீட்டில் அழுகை தொடங்கியது.

ஏப்ரல் 8இல் எல்கர் பீட்டர்சன் அரங்கில் நினைவுக்கூட்டம். பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ தம் மகனோடு வந்து மக்களோடு மக்களாக அமர்ந்தார். விபத்துக்கு மறுநாளே, வட அமெரிக்காவின் பெரிய லீக்கில் வின்னிபெக், சிக்காகோ குழுவினர் தங்கள் சொந்தப் பெயருக்குப் பதில் முதுகில் ‘புரோங்கோஸ்’ என்று தாங்கி ஆடினார்கள். கனடா முழுதும் வீட்டு வாசல்களில் மக்கள் ஹாக்கி மட்டைகளைச் சாத்தி வைத்து விளக்கை எரியவிட்டார்கள். போன பையன்களுக்கு, போன இடத்தில் மட்டை தேவைப்படலாமே என்ற எண்ணத்தில்.

நிறுத்துவதா, தொடர்வதா

இனி லீக்கின் முன் இருந்த கேள்வி. அரையிறுதியில் ஆட ஒரு குழு இல்லை. மறுபக்க அரையிறுதியை வென்று எஸ்டெவன் புரூயின்ஸ் இறுதியாட்டத்துக்குக் காத்திருக்கிறது. பருவத்தை இத்தோடு நிறுத்திவிடலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை.

லீக் குழுக்களோடு கலந்து பேசி, தொடர்வது என்று முடிவெடுத்தது. நிப்பாவின் இறுதிச்சுற்றுக்குத் தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அடக்கச் சடங்குகள் இன்னும் நடந்துகொண்டிருந்த ஏப்ரல் மாத நடுவிலேயே இறுதிச்சுற்று தொடங்கிவிட்டது.

வெளியிலிருந்து பார்க்கும்போது இது இரக்கமற்ற அவசரமாகத் தெரியலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் நிப்பாவின் பையன்களின் இடத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. அவர்களும் அதே 16 முதல் 20 வயதுப் பிள்ளைகள். இறந்தவர்களில் சிலரோடு சிறு வயதில் ஒரே குழுவில் ஆடியவர்கள், ஒரே பயிற்சி முகாமில் தங்கியவர்கள். தங்களோடு ஆட வந்த வழியில்தான் நண்பர்கள் போனார்கள் என்ற நினைப்பு வேறு. பருவத்தை நிறுத்தியிருந்தால் பில்லட் வீடுகளைக் காலி செய்துவிட்டு ஆளுக்கொரு திசையாகத் தனித்தனியே ஊர் திரும்பியிருப்பார்கள். தொடர்ந்ததால் இன்னும் சில வாரம் ஒன்றாக இருந்தார்கள். மறுபடி பேருந்தில் ஏற வேண்டியிருந்தது என்பதும் உண்மை. நிப்பாவினிலிருந்து எஸ்டெவனுக்கு மாநிலத்தின் வடகிழக்கிலிருந்து தென்கோடிவரை போய்வர வேண்டும். முதல் பயணத்தில் அந்தப் பிள்ளைகளின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

இறுதிச்சுற்று ஏழாவது ஆட்டம்வரை போனது. நிப்பாவின் வென்று கிண்ணத்தை எடுத்தது. அடுத்த கட்டத்தில் மனிடோபா வெற்றியாளரான ஸ்டைன்பாக் பிஸ்டன்ஸிடம் தோற்று நாடு தழுவிய போட்டிக்குப் போகும் வாய்ப்பை இழந்தது. அந்த ஆண்டின் தேசியப் பட்டம் போட்டியை ஏற்று நடத்திய சில்லிவாக் குழுவுக்குக் கிடைத்தது. பதிவேட்டில் 2017–2018 பருவத்தின் வெற்றியாளர் என்று நிப்பாவினின் பெயர்தான் இருக்கிறது. அதிகம் பேர் நினைவில் வைத்திராத வெற்றி அது. அந்தப் பையன்களுக்கு இதுவும் ஒருவகை அநியாயம்தான்.

பணம், உறுப்பு, சட்டம்

ஹம்போல்ட்வாசி ஒருவர் இணையத்தில் தொடங்கிய நிதித்திட்டத்தில் இரண்டு வாரத்துக்குள் 15 மில்லியன் கனடிய டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. 80 நாடுகளிலிருந்து 140,000க்கும் அதிகமானோர் கொடுத்திருந்தார்கள். இவ்வளவு பெரிய தொகையை எப்படிப் பிரிப்பது? இறந்தவர் வீட்டுக்குக் கூடுதலா, வாழ்நாள் முழுதும் சிகிச்சை தேவைப்படுபவருக்குக் கூடுதலா? நீதிமன்றத்தின் மேற்பார்வையில் ஆலோசனைக் குழு அமைத்து முடிவெடுத்தார்கள். இறந்த 16 பேரின் குடும்பங்களுக்குத் தலா 525,000 டாலர், உயிர் பிழைத்த 13 பேருக்குத் தலா 475,000 டாலர். காயத்தின் அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கவில்லை. முதுகெலும்பு முறிந்தவருக்கும் நடமாட முடிந்தவருக்கும் ஒரே தொகை. இது பற்றி மனத்தாங்கல் இருந்தாலும், பொதுமக்கள் கொடுத்த பணம் ஆண்டுக்கணக்கில் வழக்கில் முடங்காமல் அந்த ஆண்டுக்குள்ளேயே உரியவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

தற்காப்பு ஆட்டக்காரர் லோகன் பூலே அந்த மார்ச்சில்தான் 21 வயதை எட்டியிருந்தார். தம் பழைய பயிற்றுநர் ஒருவர் இறந்தபோது உறுப்புதானம் செய்ததைப் பார்த்து, தாமும் அப்படிச் செய்யப்போவதாக அப்பாவிடம் சொல்லிப் பதிந்துகொண்டிருந்தார். விபத்துக்குப் பின் அவருடைய உறுப்புகள் ஆறு பேருக்குப் பொருத்தப்பட்டன. செய்தி பரவியதும் கனடாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உறுப்புதானத்துக்குப் பதிந்தார்கள். ‘லோகன் பூலே விளைவு’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. ஆண்டுதோறும் ஏப்ரல் 7இல் பச்சைச் சட்டை அணிந்து அந்த நாளை நினைவுகூர்கிறார்கள். பதிவு அட்டையைவிட, வீட்டில் வாய்விட்டுச் சொல்லி வைத்ததுதான் அன்று காரியத்தை எளிதாக்கியது என்பதை அவருடைய பெற்றோர் திரும்பத் திரும்ப வலியுறுத்தி வருகிறார்கள்.

லோரி ஓட்டுநர் இந்தியாவிலிருந்து குடியேறியவர். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதில் முதல் சில நாள் பயிற்சி, மீதி நாள் தனியாக ஓட்டியது. பின்னால் படபடத்துக்கொண்டிருந்த தார்ப்பாயின் மீதே கவனமாக இருந்ததால் பலகைகளைக் காணவில்லை என்று நீதிமன்றத்தில் கூறப்பட்டது. அவர் வழக்காடவில்லை. 2019 ஜனவரியில் 29 குற்றச்சாட்டுகளையும் ஒப்புக்கொண்டார். மார்ச்சில் எட்டாண்டுச் சிறைத்தண்டனை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களில் சிலர் அவரை மன்னித்ததாக நீதிமன்றத்திலேயே சொன்னார்கள். சிலரால் முடியவில்லை. இரண்டையும் புரிந்துகொள்ள முடிகிறது.

விபத்துக்கு முன்பு கனடாவில் ஒன்ராறியோ மாநிலத்தில் மட்டுமே புதிய லோரி ஓட்டுநர்களுக்குக் குறிப்பிட்ட மணி நேரப் பயிற்சி கட்டாயமாக இருந்தது. 2019 மார்ச்சில் சஸ்காச்சுவானும் ஆல்பர்ட்டாவும் அதைக் கட்டாயமாக்கின. சஸ்காச்சுவானில் 121.5 மணி நேரம். மனிடோபா அதே ஆண்டு பின்தொடர்ந்தது. 2020 செப்டம்பர் முதல் புதிதாகத் தயாராகும் நெடுந்தூரப் பேருந்துகளில் இருக்கை வார் கட்டாயம் என்று மத்திய அரசும் விதி செய்தது. சந்திப்பில் பார்வையை மறைத்த மரங்கள் வெட்டப்பட்டு, சாலையில் அதிர்வுப் பட்டைகள் பதிக்கப்பட்டன. இதே சந்திப்பில் 1997இலும் ஒரு விபத்தில் ஆறு பேர் இறந்திருந்தார்கள். அவர்களுக்காக நடப்பட்ட ஆறு வெள்ளைச் சிலுவைகள் 2018இலும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தன. மரங்களை வெட்ட இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருக்கின்றன.

அடுத்த செப்டம்பர்

2018 ஜூனில் லாஸ் வேகாஸில் நடந்த பெரிய லீக்கின் விருதளிப்பு விழாவில், சமூகச் சேவைக்கான வில்லி ஓரீ விருது மறைந்த பயிற்றுநர் ஹோகனுக்கு வழங்கப்பட்டது. அவருடைய மனைவி பெற்றுக்கொண்டார்.

பிழைத்த 13 பேரின் வழிகள் பிரிந்தன. மார்புக்குக் கீழ் உணர்விழந்த ரயன் ஸ்ட்ராஷ்நிட்ஸ்கி சக்கர நாற்காலியிலிருந்தபடியே, சறுக்குவண்டியில் அமர்ந்து ஆடும் பாரா ஐஸ் ஹாக்கியைக் கற்றுக்கொண்டார். முதுகுத்தண்டில் மின்தூண்டல் கருவி பொருத்த 2019இல் அவர் வந்த இடம் நம் பக்கத்து நாடான தாய்லாந்து. கோல்காவலராக இருந்த ஜேக்கப் வாஸர்மன் படகுவலிப்புக்கு மாறி, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கனடாவைப் பிரதிநிதித்தார். இன்னொருவர் அடுத்த பருவத்தின் நடுவில் குழுவுக்குத் திரும்பி, சில வாரங்கள் ஆடிப் பார்த்துவிட்டு, மனம் இன்னும் ஆறவில்லை என்று விலகினார். அவர் அதை வெளிப்படையாகச் சொன்னதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

குழுவைப் பொறுத்தவரை, ஓராண்டு ஒதுங்கியிருக்கலாம் என்ற பேச்சை ஹம்போல்ட் ஏற்கவில்லை. கோடையில் புதிய பயிற்றுநரை அமர்த்தி, தேர்வு முகாம் நடத்தி, புதிய பையன்களைச் சேர்த்தார்கள். பில்லட் வீடுகளில் சில, அறையைக் காலியாகவே வைத்திருந்தன. சில, கதவைத் திறந்து இன்னொரு பையனை ஏற்றுக்கொண்டன. விபத்தில் தப்பியவர்களில் பிரேடன் கேம்ரட், டெரெக் பேட்டர் இருவரும் மறுபடியும் சீருடை அணிந்தார்கள்.

2018 செப்டம்பர் 12ஆம் நாள் எல்கர் பீட்டர்சன் அரங்கில் புதிய பருவத்தின் முதல் ஆட்டம். எதிரே நிப்பாவின் ஹாக்ஸ். நாடு முழுதும் தொலைக்காட்சியில் பார்த்தது. ஹம்போல்ட் 2–1 எனத் தோற்றது. ஆட்டம் முடிந்தபின் யாரும் எழுந்து போகவில்லை. அந்தப் பேருந்தில் இருந்த 29 பேருக்கும் அரங்கின் உச்சியில் பதாகைகள் ஏற்றப்பட்டன. அந்தப் பருவத்தில் வெளியேற்றுச் சுற்றுக்கும் தகுதி பெற்ற ஹம்போல்ட், எஸ்டெவனிடம் ஏழாவது ஆட்டம்வரை போராடித் தோற்றது.